உள்நாட்டு உளவு விமானம்: தவம் முடிந்தும் வரம் இல்லை

புது தில்லி: கார்கில் போருக்குப் பின் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஊடுருவல்காரர்கள் சிகரங்களில் நிலைகொண்ட பிறகே ராணுவத்துக்குத் தகவல் தெரிந்தது ஏன் என்பதற்கு அக்குழு கண்ட காரணங்களில் ஒன்று, உயரமான மலைப்பகுதியைக் கண்காணிக்கும் ஆளில்லா விமானங்கள் நம்மிடம் இல்லாதது. அவற்றைப் பெற வேண்டும், அவை எடுக்கும் படங்கள் உளவு அமைப்புகளுக்கு விரைவாகச் சென்று சேர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொடுத்துக் கற்ற பாடம் அது.

கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. விமானங்கள் வரத்தான் செய்தன. ஆனால் இஸ்ரேலிலிருந்து வந்தன. அடுத்த தொகுதி அமெரிக்காவிலிருந்து வரவிருக்கிறது. எல்லையை நாள் முழுவதும் சுற்றிவந்து கண்காணிக்கும் பெரிய உளவு விமானத்தை நாமே தயாரித்துப் படையில் சேர்க்கும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

முயற்சி நடக்கவில்லை என்று யாரும் கூற முடியாது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓ-வின் பெங்களூர் ஆய்வகம் உருவாக்கிய 'நிஷாந்த்' 1995-லேயே பறந்தது. லாரியில் பொருத்திய ஏவுதளத்திலிருந்து உந்திச் செலுத்தப்பட்டு, பாராசூட் மூலம் இறங்கும் சிறிய விமானம். நான்கரை மணி நேரம் பறக்கும். அதில் நான்கு விமானங்கள் ராணுவத்துக்குக் கிடைக்க 2011 ஆனது. நான்கும் விழுந்து நொறுங்கின. கடைசி விமானம் 2015 நவம்பரில் பொக்ரான் அருகே விழுந்ததும், எஞ்சிய எட்டு விமானங்கள் வேண்டாம் என்று ராணுவம் கைகழுவியது.

அடுத்து வந்தது 'ருஸ்தம்-2'. பின்னர் 'தபஸ்' என்று பெயர் மாற்றப்பட்டது. தபஸ் என்றால் தவம். பெயர் வைத்தவர்கள் அறிந்தே வைத்தார்களோ என்னவோ, தவத்துக்குக் குறைவில்லை. 2011 பிப்ரவரியில் சுமார் 1,540 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. முதல் விமானம் சித்ரதுர்காவில் மேலெழும்பியபோது 2016 நவம்பர். மதிப்பீடு 1,786 கோடி ரூபாயாக உயர்ந்தது. விமானத்தின் எடையும் திட்டமிட்டதைவிடக் கூடிக்கொண்டே போனது. 2019-ல் ஒரு விமானம் சித்ரதுர்கா அருகே விழுந்தது.

ஆயினும் 2023 ஜூன் மாதம் திட்டத்துக்கு நல்ல மாதமாக அமைந்தது. சித்ரதுர்காவிலிருந்து புறப்பட்ட தபஸின் கட்டுப்பாட்டை, கார்வாரிலிருந்து 148 கி.மீ. தொலைவில் கடலில் நின்ற 'ஐஎன்எஸ் சுபத்ரா' போர்க்கப்பல் ஏற்றுக்கொண்டது. நாற்பது நிமிடம் கப்பலிலிருந்தே இயக்கப்பட்ட விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், இன்னொரு தபஸ் ஹிரியூர் அருகே வயலில் விழுந்தது.

முப்படைகளும் சேர்ந்து கேட்டிருந்தது 30,000 அடி உயரம், 24 மணி நேரப் பறப்பு. தபஸ் எட்டியது 28,000 அடி, 18 மணி நேரம். முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டதாக 2024 தொடக்கத்தில் செய்தி வெளியானது.

குறை 2,000 அடியும் ஆறு மணி நேரமும். இது பெரிய குறையா, சிறிய குறையா? தரையே 14,000 அடிக்கு மேல் இருக்கும் லடாக்கில் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மதிப்பு உண்டு. அங்கே ராணுவம் விட்டுக்கொடுக்க மறுத்ததைக் குறை கூற இயலாது. ஆனால் அரபிக் கடலுக்கு மேலும், ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மேலும் அதே அளவுகோல் எதற்கு? மலைக்கும் கடலுக்கும் மணலுக்கும் ஒரே தகுதிப் பட்டியல் தயாரித்ததில்தான் கோளாறு தொடங்கியது என்பது இந்த நிருபரின் கருத்து. கடற்படைக்கு ஏற்ற முதல் வடிவம், மலைக்கு ஏற்ற அடுத்த வடிவம் என்று படிப்படியாக ஏற்றிருந்தால், வீரர்கள் இயக்கிப் பார்த்துக் கூறும் குறைகளே அடுத்த விமானத்தைத் திருத்தியிருக்கும்.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 'தேஜஸ்' போர் விமானத்துக்கு 53 விலக்குகளும் சலுகைகளும் அளிக்கப்பட்டதை 2015-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே பட்டியலிட்டார். அப்படியும் மறு ஆண்டு விமானப்படை அதற்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. விமானி அமர்ந்து ஓட்டும் விமானத்துக்குக் கிடைத்த சலுகை, ஆளில்லா விமானத்துக்குக் கிடைக்கவில்லை.

இறக்குமதி விமானத்துக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். கடற்படை 2020-ல் குத்தகைக்கு எடுத்து அரக்கோணம் தளத்திலிருந்து இயக்கிவந்த இரு அமெரிக்க விமானங்களில் ஒன்று, 2024 செப்டம்பர் 18-ல் தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 15-ல் அதே வகையில் 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 32,000 கோடி ரூபாய். ஆயுதம் தாங்கி, தபஸைவிட உயரமாகவும் நீண்ட நேரமும் பறப்பவை, போர்க்களம் கண்டவை என்ற நியாயம் உண்டு. ஆனால் ஒரு விமானம் விழுந்ததற்காக ஒரு திட்டத்தைக் கைவிடக் கூடாது என்பதும் அதே நியாயத்தில் அடங்கும் அல்லவா?

டிஆர்டிஓ-வை முழுமையாக விடுவிக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் வெளியான தணிக்கை அறிக்கை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 178 திட்டங்களில் 119 குறித்த காலத்தில் முடியவில்லை என்றது. வெற்றி என்று அறிவிக்கப்பட்ட 86 திட்டங்களில் 20-ல் சில இலக்குகள் எட்டப்படவே இல்லை. இப்படிப்பட்ட கணக்கைப் படித்த தளபதிகள் ஆய்வகத்தின் வாக்குறுதியைச் சந்தேகத்துடன் பார்ப்பது இயல்பே. உதிரி பாகங்களில் முன்னேற்றம் இருக்கிறது; தபஸின் உள்ளிழுக்கும் சக்கர அமைப்பு ஆவடியில் உள்ள ஆய்வகத்தில் உருவானது. ஆனால் உயரத்தில் காற்று மெலியும்போது திறன் குறையாத என்ஜின்தான் இத்தகைய விமானத்தின் உயிர்நாடி. அதில்தான் வெளிநாட்டை நம்பி நின்றோம்.

2025 மே மாதத்தில் ஒரே இரவில் 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ஆளில்லா விமானங்களைப் பாகிஸ்தான் ஏவியதாக அரசு தெரிவித்தது. முக்கியத் தொழில்நுட்பங்களுக்கு இறக்குமதியை நம்பியிருப்பது நமது ஆயத்த நிலையைப் பலவீனப்படுத்துகிறது என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் அந்த ஆண்டு ஜூலையில் எச்சரித்தார். ஆகஸ்டில், முப்படைகளுக்கும் நடுத்தர உயரத்தில் நீண்ட நேரம் பறக்கும் ஆளில்லா விமானங்கள் வாங்கும் திட்டத்துக்குப் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் முதல்கட்ட ஒப்புதல் அளித்தது. தபஸ் நிரப்பியிருக்க வேண்டிய இடம் அது.

கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் தபஸ் பற்றிக் கேட்டதெல்லாம் எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்பதுதான். அமைச்சகமும் தொகையையும் தேதியையும் எழுத்துமூலம் தந்துவிட்டு நகர்ந்துவிடும். புதிய கொள்முதலுக்கான தகுதிப் பட்டியலை எழுதுவது யார், அது மறுபடியும் மூன்று படைகளுக்கும் ஒன்றேதானா, அதில் எத்தனை அடிவரை விட்டுக்கொடுக்க எந்தப் படை சம்மதிக்கிறது என்ற கேள்விகளை இனியேனும் அவையில் யாராவது எழுப்பலாம்.