இல்லக் கல்விச் சங்கமும் அதன் விதிகளும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது இல்லத்திலேயே பயிற்றும் பெற்றோர் நம் நாட்டிலும் உளர். அன்னோர் தனித்து நின்று இடர்ப்படாவண்ணம் இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் எழுந்தது. இந்தியாவிலும் 'ஸ்வசிக்ஷண்' என்னும் பெயரால் ஒன்று தோன்றிற்று. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் அத்தகைய குடும்பங்கள் சில கூடிச் சங்கம் அமைக்க விழையுமாயின், விதிகளை எழுதித் தருமாறு அவை நாடுவது நம் பழைய மாணவர் ஒருவரையாதல் கூடும். ஆதலின் இப்பொருள்பற்றி ஈண்டுச் சில கூறுதல் பொருத்தமுடைத்து.

எழுதப் புகுவோர் முதற்கண் காண்பது 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். எழுவர் கூடின் சங்கத்தைப் பதிவு செய்யலாம். செயற்குழுவில் மூவரேனும் வேண்டும். அவர்தம் பதவிக்காலம் மூன்றாண்டிற்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைத்தல் வேண்டும். இவற்றை மாதிரி விதிகளைப் பார்த்து எவரும் எழுதிவிடலாம். எழுதியபின் அந்நோட்டுப் புத்தகம் செயலாளர் வீட்டு அலமாரியில் துயில்கொள்வதும் வழக்கமே.

நோக்கங்களைக் கூறும் விதியிற் சிறிது எச்சரிக்கை வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுடைய பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்தலைப் பெற்றோர் கடமையாக்கியது; அதில் தவறும் பெற்றோர்க்குத் தண்டம் விதித்திலது. ஆனால் அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், மேலும் தொடரின் நாள்தோறும் பதினாயிரம் வரையிலும் அபராதம் உண்டு. உறுப்பினர் பணந்திரட்டி ஓர் ஆசிரியரை அமர்த்தி நாள்தோறும் ஓரிடத்திற் பாடம் நடத்துவரேல், அதனைப் பள்ளியன்றென்று எங்ஙனம் சாதிப்பது? ஆகவே கற்பிக்கும் பொறுப்பு அவ்வக் குடும்பத்தையே சாருமென்றும், சங்கம் துணையேயன்றிப் பள்ளியன்றென்றும் எழுதி, அவ்வாறே நடத்தலும் வேண்டும்.

இனி, மாதிரி விதிகளிற் காணப்படாததும் இச்சீமைக்கு இன்றியமையாததுமான விதியொன்று உண்டு. அது பிள்ளையின் படிப்பு நேரத்தைக் காப்பது. தீப்பெட்டித் தொழிலிற் சிறுவர் கைகள் எத்தனை தலைமுறை உழைத்தன என்பதை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தொழிலில் பதினான்கு வயதிற்குட்பட்டோரை அமர்த்தலை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2016-ஆம் ஆண்டின் திருத்தம் எத்தொழிலுக்கும் அத்தடையை விரித்தது. எனினும், தீங்கு பயவாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாமென அது விலக்களித்தது. பள்ளியே செல்லாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் யாது? பருத்தி வெடித்துநிற்கும் வாரத்திலும், தந்தை சந்தைக்குச் சென்று கடை ஆளின்றிக் கிடக்கும் நாளிலும் அப்பிள்ளையின் புத்தகத்தை மூடிவைக்க ஒருவரும் அஞ்சார். சட்டம் எழுதாது விட்ட அந்நேரத்தைச் சங்கத்தின் விதியே எழுதவேண்டும்.

இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். எனினும் புதுவைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தார் என்று சிலர் எடுத்துக்காட்டுவர். பேரறிஞர் ஒருவரைக் காட்டி ஊர்ப் பிள்ளைகளனைவர்க்கும் வழிவகுத்தல் முறையன்று.

"எம் வீட்டுப் பிள்ளைக்கு நேரம் வகுக்கச் சங்கம் யார்?" என வினவுவாரும் இருப்பர். வினா நேரியதே. பள்ளியின் கெடுபிடிக்கு அஞ்சி வெளிப்போந்தாரை மற்றொரு மணிக்கட்டுக்குள் அடைத்தல் தகாது. எந்த வேளையிற் படிப்பதென்பதைக் குடும்பமே வகுத்து எழுதிக் கொடுக்கட்டும். எழுதிய நேரத்தில் வேலை வாங்குவதில்லையென உறுதி கூறட்டும். திங்களுக்கொருமுறை மற்றொரு குடும்பத்தார் பிள்ளையைக் கண்டு அளவளாவி, அதன் நோட்டுகளைப் பார்த்து வரட்டும். விதி பிறழ்ந்தாரை உடனே நீக்கிவிடுதல் கூடாது. என்னை? நீக்கிய நாள்முதல் அப்பிள்ளையைக் காண்பார் எவருமிலர். எச்சரிக்கையும் உதவியும் முதலில், நீக்கம் கடைசியில்.

கணக்குத் தணிக்கை, சங்கம் கலைந்தால் எஞ்சும் பொருள் முதலியன வழக்கம்போல் அமையலாம். விதிகளைத் தமிழிலேயே எழுதி, கையொப்பமிடுமுன் எழுத்தறியாத தாய்மாரும் அறிய உரக்கப் படித்தல் வேண்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளைகளும் அவ்வவையில் அமர்ந்து, நேரத்தைப்பற்றிய விதியை மட்டுமேனும் கேட்டிருத்தல் நன்று.