பொடுகு அழுக்கின் குற்றமல்ல!

"தலையைப் பார், பொடுகு! குளிக்காத கூட்டம்!" ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் உழைப்பாளியைப் பார்த்து இப்படி ஏளனம் செய்வோர் உண்டு. இது பச்சைப் பொய் என்கிறோம் நாம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து, நாள் தவறாமல் தலை முழுகுகிறவரின் தோளிலும் இதே வெள்ளைச் செதில்கள்தான் உதிர்கின்றன!

உண்மை என்ன?

மனிதர் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசேசியா என்னும் காளான் வகைக் கிருமி குடியிருக்கிறது. 1874-ல் பிரெஞ்சு விஞ்ஞானி மலாஸே பொடுகுச் செதில்களில் இதைக் கண்டு விவரித்தார். 1889-ல் அவர் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்கிக்கொள்ள இதற்குத் திறன் கிடையாது. எனவே நம் தோல் சுரக்கும் எண்ணெயைத் தின்று பிழைக்கிறது. தின்றது போக மிஞ்சும் ஓலிக் அமிலம் தோலில் ஊறுகிறது. சிலருடைய தோல் அதைத் தாங்கும், சிலருடையது தாங்காது. தாங்காத தோல் அரிக்கிறது. புதுத் தோல் அவசர அவசரமாக வளர, பழையது கொத்துக் கொத்தாக உதிர்கிறது. இதுதான் பொடுகு! பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பு பெருகும்போது இது தலைகாட்டுவதும் இதனால்தான். பஞ்சுத் தூசி தலையில் படியலாம். பொடுகுக்கு மூலம் அதுவல்ல.

தலை முழுகாவிட்டால் செதில் தேங்கும் என்பது மெய்தான். அப்படியானால் ஷிப்டு முடிந்ததும் குளிக்கத் தண்ணீர் கொடுக்கட்டும், ஏளனம் எதற்கு?

"வறட்சிதானே, எண்ணெய் தேய்த்தால் தீரும்" என்பர் சிலர். தீராது, செதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறையும், அவ்வளவே. வாசனைத் தைலம் விற்பவர்கள் நம் வெட்கத்தைக் காசாக்குகிறார்கள். காளானை அடக்குவது கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு கலந்த ஷாம்பு. வாரம் இரு முறை தேய்த்து, சில நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். சில வாரங்கள் தொடர வேண்டும். திரும்பி வந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். "ஒரே புட்டியில் நிரந்தரக் குணம்" என்பவன் புரட்டன்!

ஓர் எச்சரிக்கை. குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால், அது பெரும்பாலும் பொடுகல்ல, படை. அது வேறு காளான். சீப்பு, துண்டு மூலம் தொற்றும். அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அலட்சியம் செய்தால் அந்த இடத்தில் முடி என்றைக்கும் முளைக்காமலே போகலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோழர்களே! பொடுகு ஒட்டுவாரொட்டியும் அல்ல, அவமானமும் அல்ல. ஏளனம் செய்பவனுக்கு விஞ்ஞானத்தால் பதில் சொல்வோம்! தலை நிமிர்ந்து நடப்போம்!