குரு இல்லாத 29 ஆண்டுகள்



மழை விட்டு விட்டுப் பெய்யும் நாட்களில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. வாடைக்காற்று வலுத்திருக்கிறது. வள்ளங்கள் கரையேறிக் கிடக்க, வாடிகளில் இருந்து வலை பொத்துகிறார்கள். முருங்கன், நானாட்டான் பக்கமோ கட்டுக்கரைக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதே பேச்சு. இந்த மழை ஓயட்டும் என்று கடற்கரையிலும், இன்னும் பெய்யட்டும் என்று வயற்கரையிலும் செபிக்கிற மாவட்டம் எங்கள் மன்னார். ஆண்டவருக்கும் சிரமம்தான்.

திருவருகைக் காலம் பிறந்தால் எங்களுக்கு வரும் கடிதங்களும் ஒரு சாயலாகிவிடும். கனடா விசா, மகளின் கலியாணம், பிள்ளைப்பாக்கியம், படித்து முடித்த மகனுக்கு இன்னும் வராத நியமனக் கடிதம். விஷயம் வேறு வேறு என்றாலும் கடைசியில் கேட்பது ஒன்றே: இவ்வளவு காலம் மன்றாடியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? பொறுமையாயிருங்கள், கடவுளுக்கு ஒரு நேரம் உண்டு என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இதே கரையில் எங்கள் முன்னோர் காத்திருந்த ஒரு காலத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

1658இல் ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். சில மாதங்களில் யாழ்ப்பாணமும் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவுக்கு ஒளிந்திருக்க இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. நேற்றுவரை பூசை நடந்த கோவில்களில் ஒல்லாந்த போதகர்கள் பிரசங்கம் செய்தார்கள். பிள்ளையின் ஞானஸ்நானமும் பெற்றோரின் கலியாணமும் அவர்களுடைய தோம்பு என்ற பதிவேட்டில் ஏறாவிட்டால் நாளைக்குச் சொத்துரிமையே சிக்கல். ஆகவே சனம் அங்கே போய்ப் பெயர் பதிந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்னது. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர்களை அப்படித் தீர்ப்பிட எனக்குத் துணிவில்லை.

குரு இல்லாத இந்த நிலை 1687 வரை நீடித்தது. 29 ஆண்டுகள். 1658இல் பிறந்த ஒரு பெண் பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் தாயாகியிருப்பாள். ஒரு குருவின் முகத்தைக் கண்டிருக்க மாட்டாள். பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. அப்படியிருந்தும் அவளுக்கு அருள் நிறை மந்திரம் தெரிந்திருந்தது என்றால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சிமாரும் தாய்மாரும் ஊர் மூப்பர்மாரும்தான், வேறு யார்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் மறைமாவட்டம் பெருமையோடு சொல்வது மாந்தைக் கோவிலின் மாதா சுரூபம் 1670 அளவில் மருதமடுக் காட்டுக்குப் போன கதையை. அது சொல்லவேண்டிய கதைதான். ஆனால் சுரூபம் ஒருமுறை காட்டுக்குப் போனது. செபம் ஒவ்வொரு இரவும் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போயிருக்கிறது. குரு வந்தால்தான் நடக்கும் காரியத்துக்கு அவர்கள் காத்திருந்தார்கள். குரு இல்லாமலும் செய்யக்கூடியதை ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை.

1687இல் கோவாவிலிருந்து வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். வயது 36. கூலியாள் வேடம், கூட யோவான் என்ற உதவியாள். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயிற்றோட்டத்தில் உயிர் போகும் நிலை. யாரோ ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினாள் என்பார்கள். தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். எந்த வீட்டில் கண்கள் அந்த மாலையில் நிற்கின்றன என்று பார்த்தார். அவருடைய துணிவை எல்லோரும் புகழ்கிறோம். செபமாலையை இனங்கண்டுகொள்ள ஒரு வீட்டுக்காரியாவது மிஞ்சியிருக்காவிட்டால், அந்தப் புனிதரும் வெறும் பிச்சைக்காரராகத்தான் தெருவைக் கடந்து போயிருப்பார்.

1711இல் கண்டியில் இறந்த அவரைப் புனிதர் என்று அறிவிக்கத் திருச்சபைக்கு 2015 ஜனவரி 14 வரை காலம் எடுத்தது. காலையில் கொழும்பில் அதை அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்று மாலையே அந்தச் சுரூபம் இருக்கும் மருதமடுவுக்கு வந்தார். உரோமையும் அவசரப்படுவதில்லை என்று விசா கேட்டு எழுதியவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கதையை எல்லா வாசலிலும் போய்ச் சொல்ல முடியாது. 2009இல் போர் முடிந்தபோது காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் படத்தை ஏந்திக்கொண்டு தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாயிடம், காத்திருப்பதும் ஒரு அருளின் காலம் என்று யாராவது சொன்னால் அது பாவம் என்றே நினைக்கிறேன். அவளைக் கடவுள் காக்க வைக்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள் காக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆயர் இராயப்பு யோசேப் ஆண்டகைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் பிரசங்கம் வைக்கவில்லை. ஒரு கழித்தல் கணக்கு வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? முதல் எண் அரசு அலுவலகங்களின் எண், இரண்டாவது ஐ.நா.வின் எண். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று ஆண்டகை கண்மூடும்வரை பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை.

லூக்காவின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். நீதி கேட்டு நடுவனைத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறவள். செபத்துக்கு இயேசு காட்டிய உதாரணம் அவள்தான். வாய் மூடிப் பொறுத்திருந்த ஒருத்தியை அவர் காட்டவில்லை. தெருவோரத் தாய்மார் இந்த அதிகாரத்தை எங்களைவிட நன்றாக வாசித்திருக்கிறார்கள்.

கிறிஸ்மஸ் நெருங்கக் கரோல் குழுக்கள் புறப்படும். படத்துக்கு முன்னால் விளக்கெரியும் அந்த வீடுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வாசலில் வைத்துப் பாடலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் உள்ளே போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குச் செபம் யார் வழியாக வந்தது? அம்மம்மாவா, பெரியம்மாவா, அயலிலிருந்த உபதேசியாரா? இடம்பெயர்ந்த நாட்களில் முகாமில் யார் செபமாலை தொடங்கினார்கள்? அவர்களின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். கொப்பித் தாளில், கிறுக்கலான கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வாசிப்பது எங்கள் பாடு. தவக்கால இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்