தீப்புண்ணுக்குத் தண்ணீர், அதுவும் குளிர்ந்த தண்ணீர்

டெல்லியில் ஒரு ஜூன் மாதப் பிற்பகல். கொதிக்கும் ரசம் பாதத்தில் கொட்டிவிடுகிறது. முதலுதவி தெரிந்த பெண்மணி. நேரே குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறக்கிறார். வரும் தண்ணீரே சுடுகிறது. காலையிலிருந்து மொட்டைமாடி வெயிலில் காய்ந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் அது. எங்கள் குடியிருப்பில் நடந்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. 'சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீர் விடுங்கள்' என்ற அறிவுரை லண்டனுக்குப் போதும். டெல்லிக்கும், சித்திரை மாதச் சென்னைக்கும் கூடுதலாக இரண்டு வரி தேவை.

முதலில் தண்ணீர் ஏன் என்பதைச் சொல்லிவிடலாம். அடுப்பிலிருந்து கையை எடுத்த மாத்திரத்தில் சூடு நின்றுவிடுவதில்லை. தோலுக்குள் தங்கிய வெப்பம் அடியில் இருக்கும் திசுக்களைத் தொடர்ந்து வேகவைக்கிறது. ஓடும் தண்ணீர் அந்த வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு ஒரு நிமிடம் போதாது, 20 நிமிடம் வேண்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும் பரவாயில்லை. சுட்டு மூன்று மணி நேரம் வரை இந்தக் குளிர்விப்புக்குப் பலன் உண்டு. வலி குறைவதோடு காயத்தின் ஆழமும் குறைகிறது.

கோடையில் குழாய் சுட்டால் என்ன செய்வது? மண்பானைத் தண்ணீர், காலையில் பிடித்து நிழலில் வைத்த வாளித் தண்ணீர், பிரிட்ஜ் தண்ணீரோடு கலந்த தொட்டித் தண்ணீர் எதுவும் உதவும். அளவு குறைவாக இருந்தால் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் போட்டு, அது சூடேறும் முன் மாற்றிக்கொண்டே இருக்கலாம். கூலரில் நிற்கும் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதில் பாசியும் கொசுப்புழுவும் இருக்கும். ஐஸ் கட்டியும் கூடாது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே அடிபட்ட தோலை இன்னும் கெடுத்துவிடும்.

ஜனவரியில் பிரச்னை தலைகீழ். தண்ணீர் விறைக்க வைக்கும். சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, உடம்பின் மற்ற பாகத்தைக் கம்பளியால் போர்த்த வேண்டும். கைக்குழந்தை என்றால் இதில் மிகுந்த கவனம் தேவை. குழந்தை நடுங்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டு டாக்டரிடம் புறப்படுங்கள்.

தண்ணீர் விடும்போதே மோதிரம், வளையல், மெட்டி, குழந்தையின் கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுவது நல்லது. அரை மணி நேரத்தில் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சுற்றிலும் கத்தரித்து விடுங்கள்.

இனி பாட்டி வைத்தியம். இட்லி மாவு, பேனா மை, பற்பசை, நெய், மஞ்சள் என்று பட்டியல் நீளம். மாவு ஜில்லென்று இருப்பது உண்மைதான். ஆனால் புளித்த மாவில் நிறைந்திருப்பவை நுண்ணுயிர்கள். தோல் உரிந்த இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? நெய்யும் எண்ணெயும் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் மூடி போட்டு வைக்கும். பற்பசையின் குளிர்ச்சி வெறும் புதினா உணர்வு. மையும் மஞ்சளும் காயத்தின் நிறத்தை மறைத்து, ஆழம் எவ்வளவு என்று டாக்டர் கணிப்பதைக் கடினமாக்குகின்றன. பர்னாலின் மஞ்சள் நிறத்துக்கும் இது பொருந்தும். சிறிய காயத்துக்குப் போடுவதானாலும் 20 நிமிடத் தண்ணீருக்குப் பிறகுதான்.

பாட்டிகள் சொன்னதெல்லாம் தவறு என்று சொல்ல நான் தயாரில்லை. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்துவது நம் கிராமத்து வழக்கம். மும்பை சயான் லோகமான்ய திலக் மருத்துவமனையின் டாக்டர் மாதுரி கோரே குழுவினர் வாழையிலைக் கட்டுப் பற்றிய ஆய்வை 2003இல் வெளியிட்டார்கள். இலை புண்ணில் ஒட்டுவதில்லை, எனவே கட்டு மாற்றும்போது வலி குறைவு. அதே நகரத்தின் வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் கேஸ்வானி 1980களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்தினார். சோலாப்பூரின் டாக்டர் சுப்ரமணியம், 104 நோயாளிகளை வைத்துத் தேனையும் வெள்ளி சேர்ந்த களிம்பையும் ஒப்பிட்ட ஆய்வு 1991இல் வந்தது. அதில் தேன் முந்தியது. ஆனால் இவையெல்லாம் மருத்துவமனையில், கிருமி நீக்கி, டாக்டரின் கண் முன்னால் செய்யப்பட்டவை. சமையலறைக் கூடையிலிருந்து எடுத்த பச்சை உருளைக்கிழங்கை அரைத்து அப்புவதற்கு இந்த ஆய்வுகள் சான்று ஆகா.

கற்றாழை? தோல் உரியாமல் வெறுமனே சிவந்திருந்தால், குளிர்வித்த பின் தாராளமாகத் தடவலாம். வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட வேண்டும், அது அரிக்கும். தேங்காய் எண்ணெய்க்கும் இடம் உண்டு: புண் முழுதும் ஆறி, புதுத் தோல் வறளும் சமயத்தில்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதைவிட நல்ல கட்டு கடையில் கிடையாது. மேலே துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துண்டைத் தளர்வாகச் சுற்றினால் போதும். வலிக்குப் பாராசிட்டமால் தரலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எது சிறு காயம்? விரல்களோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கை அவர் உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். கொப்புளம் கட்டிய இடம் அதைவிடப் பெரிதானால் வீட்டு வைத்தியம் வேண்டாம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட காயமும், மின்சாரத்தாலோ அமிலத்தாலோ வந்த காயமும் அளவு பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டியவை. தோல் வெளுத்து, தொட்டால் வலியே இல்லை என்றால் மகிழ வேண்டாம். நரம்புகளும் வெந்துவிட்டன என்று அர்த்தம். டெல்லியில் சஃப்தர்ஜங் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை.

சஃப்தர்ஜங்கில் தீபாவளிக்கு முன்பே கூடுதல் படுக்கைகள் தயாராகிவிடும். குளிர்காலத்து வெந்நீர் வாளிக்கு அப்படி முன்னறிவிப்புக் கிடையாது. 60 டிகிரி வெந்நீர் ஐந்தே விநாடியில் பெரியவர்களின் தோலை வேகவைத்துவிடும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். குளியலறையில் வாளியை வைக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அப்புறம் வெந்நீரை ஊற்றுங்கள்.