முழு விலைக்கும் கடன் உண்டு, வீடு மட்டும் இல்லை: நெதர்லாந்து கிராமங்களில் என்ன நடக்கிறது?

கையில் பெரிய சேமிப்பு இல்லாவிட்டாலும், வீட்டு மதிப்பின் 100 சதவீதத்துக்கும் கடன் வாங்க விதி அனுமதிக்கிற நாடு நெதர்லாந்து. 10 முதல் 25 சதவீதம் வரை முன்பணம் புரட்ட வேண்டிய நம்ம ஊர் ஆட்களுக்குக் கேட்கவே பொறாமையாக இருக்கும்.

ஆனால் அங்கே 2025 அக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலில் பெரிதாக விவாதிக்கப்பட்ட பிரச்சினைகளில் ஒன்று, வீடு கிடைக்கவில்லை என்பதுதான். அதிக வாக்குகள் பெற்ற டி66 கட்சி, பத்து புதிய நகரங்களைக் கட்டுவோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டது. நாடு முழுவதும் சுமார் 4 லட்சம் வீடுகள் பற்றாக்குறை.

ஆம்ஸ்டர்டாம் போன்ற பெருநகரத்தில் விலை எகிறுவது புரிகிறது. கிராமத்தில் ஏன்? சுற்றிலும் மாடு மேயும் புல்வெளி. சைக்கிள் பாதை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பேக்கரி. அங்கே மூன்று படுக்கையறை உள்ள ஒரு சாதாரண வீட்டை இளம் தம்பதி வாங்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

நெதர்லாந்தின் வீடுகளில் பத்தில் நான்குக்கும் மேல் வரிசை வீடுகள். டச்சு மொழியில் 'ரைட்யஸ்ஹவுஸ்'. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு தெரு நீளத்துக்கு ஒட்டி நிற்கும். கீழே ஹாலும் சமையலறையும், மேலே மூன்று அறைகள், பின்னால் சின்னத் தோட்டம், சைக்கிள் நிறுத்த ஒரு ஷெட். குழந்தைகள் உள்ள நடுத்தரக் குடும்பம் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். வில்லா எல்லாம் இல்லை.

2024இல் நாடு முழுவதும் கைமாறிய பழைய வீடுகளின் சராசரி விலை சுமார் 4.5 லட்சம் யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 4.5 கோடி. கிராமத்துக்குக் கிராமம் இது மாறும். ஆனால் வேலைவாய்ப்பு உள்ள ஊர்களுக்கு அருகில் இருக்கும் கிராமங்களில் பெரிய தள்ளுபடி எதையும் எதிர்பார்க்க முடியாது.

வங்கி எவ்வளவு தரும்?

இரண்டு உச்சவரம்புகள் உண்டு. ஒன்று, வீட்டின் மதிப்பு. அதில் 100 சதவீதம் வரை கடன் கிடைக்கும். 2012இல் இது 106 சதவீதமாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு சதவீதமாகக் குறைத்து 2018இல் நூறுக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, உங்கள் சம்பளம். இதில்தான் பலர் அடிபட்டுப் போகிறார்கள். தோராயமாகச் சொன்னால், ஆண்டுச் சம்பளத்தைப் போல நாலரை மடங்குக்குப் பக்கத்தில் கடன் கிடைக்கும். அங்கே ஒரு சாதாரண ஊழியரின் சம்பளம் ஆண்டுக்கு 45,000 யூரோவைச் சற்றுத் தாண்டும். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் சுமார் 2 லட்சம் யூரோதான் கிடைக்கும். அதில் குடும்ப வீடு வாங்க முடியாது. ஆக, இரண்டு சம்பளம் இருந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

மாணவர் கடன் பாக்கி இருந்தால் அதுவும் கழியும். 2015 முதல் 2023 வரை அடிப்படை உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் படித்தவர்களை அங்கே 'அதிர்ஷ்டமில்லாத தலைமுறை' என்றே சொல்கிறார்கள். படிக்க வாங்கிய கடன், வீட்டுக் கடனைக் குறைக்கிறது.

மாதத் தவணை எவ்வளவு வரும்? 4.5 லட்சம் யூரோ, 30 வருடம், வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 2,150 யூரோ. இதில் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு. 2025 விதிப்படி அதிகபட்சம் 37.48 சதவீதம். முதல் வருடத்தில் மாதத்துக்குச் சுமார் 500 யூரோ திரும்பி வரும். வட்டி குறையக் குறைய இந்தச் சலுகையும் குறையும்.

இதுவரை கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? சிக்கல் இதற்குப் பிறகுதான்.

அந்தக் கடைசி 15,000 யூரோ

வீடு விற்பனைக்கு வந்ததும் 'ஃபண்டா' தளத்தில் விளம்பரம் ஏறும். பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு இருபது, முப்பது நிமிட ஸ்லாட். பிறகு ஒரு தேதி குறித்து, அதற்குள் உங்கள் விலையைச் சொல்லுங்கள் என்பார் விற்பவரின் தரகர். அடுத்தவர் எவ்வளவு சொன்னார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு வாய்ப்பு. பெரும்பாலான வீடுகள் கேட்ட விலைக்கு மேல்தான் போகின்றன. இதற்கு டச்சில் தனி வார்த்தையே இருக்கிறது: 'ஓவர்பீடன்'.

ஒரு உதாரணம் பார்ப்போம். விளம்பர விலை 4,50,000. நீங்கள் 4,80,000 சொல்கிறீர்கள், வீடு உங்களுக்குத்தான். வங்கிக்காக மதிப்பீட்டாளர் வந்து பார்த்து 4,65,000 என்று எழுதுகிறார். வங்கி தருவது அந்த 4,65,000 மட்டும். மீதி 15,000 உங்கள் கையிலிருந்து ரொக்கமாக வர வேண்டும். மதிப்பீடு பெரும்பாலும் வாங்கிய விலையை ஒட்டியே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வராமல் போனால்?

இதற்கு மேல் நோட்டரி கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கடன் ஆலோசகர் கட்டணம் என்று சில ஆயிரங்கள். பத்திரப் பரிமாற்ற வரி 2 சதவீதம். அதாவது இந்த வீட்டுக்கு 9,600 யூரோ. 35 வயதுக்குக் கீழே இருந்தால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்த வரி கிடையாது. ஆனால் வீட்டின் மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2025இல் அந்த வரம்பு 5,25,000. ஒரு யூரோ தாண்டினாலும் முழுத் தொகைக்கும் வரி. கணவருக்கு 36, மனைவிக்கு 33 என்றால் மனைவியின் பாதிக்கு மட்டும் விலக்கு.

தவணை கட்ட முடியாமல் வீட்டை நஷ்டத்துக்கு விற்க நேர்ந்தால் கைகொடுக்கும் 'என்ஹாகே' என்ற தேசிய உத்தரவாதமும் இருக்கிறது. கடன் தொகையில் 0.4 சதவீதம் கட்டிச் சேரலாம். வட்டியும் கொஞ்சம் குறையும். 2025இல் அதன் வரம்பு 4,50,000. மேலே சொன்ன வீடு கேட்ட விலைக்கே கிடைத்திருந்தால் உள்ளே வந்திருக்கும். போட்டியில் விலை ஏறியதும் வெளியே போய்விட்டது.

என் பார்வையில் மொத்த அமைப்பின் முரண்பாடும் இதுதான். எல்லோருக்கும் முழுக் கடன் கிடைப்பதால், கடனை வைத்து யாரும் யாரையும் முந்த முடியாது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு ஜோடிகள் போட்டியிட்டால், கையில் ரொக்கம் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார்.

ரொக்கம் யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே ஒரு வீட்டை லாபத்துக்கு விற்றவரிடம். இல்லையென்றால் வீடு வைத்திருக்கும் அப்பா அம்மாவின் பிள்ளைகளிடம். வீடு வாங்கப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வரியில்லாமல் கொடுக்கக்கூடிய தொகை 2022இல் 1,06,671 யூரோவாக இருந்தது. விலையை ஏற்றிவிடுகிறது என்ற விமர்சனம் வலுத்ததால் 2023இல் 28,947ஆகக் குறைத்து, 2024இல் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். இப்போது 40 வயதுக்குள் ஒருமுறை சுமார் 32,000 யூரோ வரை வாங்கலாம். அந்த 15,000ஐச் சமாளிக்க அது தாராளமாகப் போதும். வாடகை வீட்டில் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

ரொக்கம் இல்லாதவர் என்ன செய்வார்? ரிஸ்க் எடுப்பார். ஒப்பந்தத்தில், கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்வேன் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். விற்பவருக்கு அது பிடிக்காது. எனவே போட்டியில் ஜெயிப்பதற்காக அந்த நிபந்தனையையே விட்டுக்கொடுக்கிறார்கள். பிறகு கடன் மறுக்கப்பட்டால் அபராதம் பொதுவாக விலையில் 10 சதவீதம். நம் உதாரணத்தில் 48,000 யூரோ, வீடும் இல்லாமல். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த பிறகு மூன்று நாள் அவகாசம் உண்டு. அதற்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். ஆனால் மூன்று நாளில் எந்த வங்கியும் முடிவு சொல்லப்போவதில்லை.

பாட்டி ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை?

கிராமத்துத் தெருவில் நடந்தால் இன்னொரு விஷயம் தெரியும். நான்கு பேருக்குக் கட்டிய வீட்டில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். வயது 70க்கு மேல். கடன் முடிந்திருக்கும், இல்லையென்றால் மிகக் குறைவாக இருக்கும். மாதச் செலவு சொற்பம்.

அவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் எங்கே போவார்கள்? தீவிரப் பராமரிப்பு தேவைப்படாத முதியவர்களை இல்லங்களில் சேர்ப்பதை 2013 முதல் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். முடிந்தவரை சொந்த வீட்டிலேயே இருங்கள் என்பதுதான் அரசின் கொள்கை. படியேறத் தேவையில்லாத சின்ன அடுக்குமாடி வீடு அதே கிராமத்தில் கிடைத்தால் பலர் யோசிப்பார்கள். பெரும்பாலும் அது கட்டப்படவே இல்லை. பக்கத்து நகரத்தில் இருக்கும் புதிய ஃபிளாட்டுக்குப் போனால் மாதச் செலவு கூடும். ஐம்பது வருடம் பழகிய அக்கம்பக்கமும் போய்விடும். பாட்டி நகராதவரை அந்த மூன்று படுக்கையறை வீடு சந்தைக்கு வராது.

2024 ஜூலையில் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு முதலீட்டாளர்கள் பலர் வாடகை வீடுகளை விற்கத் தொடங்கினார்கள். முதல் வீடு தேடுவோருக்கு அதனால் வழி கிடைத்தது. ஆனால் அப்படி விற்பனைக்கு வந்தவை பெரும்பாலும் நகரத்துச் சின்ன ஃபிளாட்கள். கிராமத்தில் இரண்டு குழந்தைகளோடு வீடு தேடுகிறவருக்கு அதில் பலன் இல்லை.

புதிதாகக் கட்டினால் என்ன?

அரசின் இலக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடுகள். அதை எட்ட முடியவில்லை. நைட்ரஜன் மாசு தொடர்பாக 2019 மே மாதம் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அனுமதிகள் இழுபறியாகின. மின்கட்டமைப்பிலும் இடமில்லை. கிராமத்தின் எல்லைக்கு வெளியே புல்வெளியில் கட்ட விடமாட்டார்கள். 'கூடுதலாக ஒரு தெரு' என்று கிராம ஓரத்தில் சின்ன அளவில் கட்ட அனுமதிக்கலாம் என்று அடுத்தடுத்த அமைச்சர்கள் பேசிவருகிறார்கள். ஒரு கிராமத்துக்கு ஒரு தெரு என்பது சின்ன விஷயம் இல்லை.

ஏன் என்றால், தொடக்கப் பள்ளி. சட்டப்படி ஒரு தொடக்கப் பள்ளி தொடர்ந்து இயங்க, எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும், குறைந்தது 23 மாணவர்கள் வேண்டும். அதற்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் மூடல்தான். ஐந்தாறு இளம் குடும்பங்கள் வீடு கிடைக்காமல் வெளியேறினாலே ஒரு சின்னக் கிராமத்தில் அந்த எண்ணிக்கை ஆட்டம் காணும். பள்ளி போனால் புதிய குடும்பம் வராது. விலை ஏறிக்கொண்டே இருக்கும்போதும் ஒரு ஊர் காலியாக முடியும் என்பது விநோதம்தான்.

ஐன்ட்ஹோவன் பக்கம் வேலைக்குப் போகிறீர்களா?

நம்ம ஊர் பொறியாளர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் தலைமையகம் ஐன்ட்ஹோவனை ஒட்டிய வெல்ட்ஹோவனில் இருக்கிறது. அங்கேயும் சுற்றியுள்ள நிறுவனங்களிலும் தமிழர்கள் உட்பட இந்தியர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். இன்னும் 20,000 பேருக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு ஐன்ட்ஹோவனில் விரிவாக்கம் செய்ய ஏஎஸ்எம்எல் திட்டமிட்டிருக்கிறது. வீடு, போக்குவரத்து, கல்விக்கு என்று அந்தப் பகுதிக்கு 250 கோடி யூரோ ஒதுக்குவதாக 2024 மார்ச்சில் அரசு அறிவித்தது. ஓவியர் வான் கோ 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தை வரைந்த நியூனன் போன்ற ஊர்களிலும் உள்ளூர்ப் பிள்ளைகளும் வெளிநாட்டு இன்ஜினீயர்களும் ஒரே வரிசை வீட்டுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். உள்ளூர்க்காரர் நம்மைக் கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்தால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

வாங்கும் எண்ணம் இருந்தால் சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தற்காலிக வேலை ஒப்பந்தம் என்றால், பிறகு நிரந்தரமாக்கும் எண்ணம் உண்டு என்ற கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி வைத்தால் கடன் பேச்சு எளிதாகும். வாய்வார்த்தையை நம்பிப் பழைய வாடகை வீட்டைக் காலி செய்யாதீர்கள். எழுத்தில் கையெழுத்தாகும்வரை விற்பவர் மனம் மாறலாம். நிலப் பதிவேட்டைச் சரிபார்ப்பது நோட்டரியின் வேலை, நம்ம ஊர் போல வில்லங்கச் சான்றுக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஏ முதல் ஜி வரையிலான எனர்ஜி லேபிளைப் பாருங்கள்: லேபிள் நல்லதாக இருந்தால் கடன் வரம்பும் கூடும், கேஸ் பில்லும் குறையும்.

அஸ்திவாரத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் கரிச்சேறும் களிமண்ணும் உள்ள நிலத்தில் நிற்கும் பழைய வீடுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2035க்குள் சுமார் 4,25,000 கட்டடங்களில் அஸ்திவாரச் சேதம் இருக்கும் என்று 2024இல் அரசின் ஆலோசனைக் குழு எச்சரித்தது. ஐன்ட்ஹோவன் பக்கம் மணல் நிலம் என்பதால் பயம் குறைவு. ஆனாலும் கட்டடப் பரிசோதனையை விட்டுக்கொடுத்து ஏலத்தில் ஜெயிப்பது நல்ல ஐடியா இல்லை.

விற்பவருக்குக் கடிதம் எழுதும் பழக்கமும் அங்கே உண்டு. நாங்கள் யார், குழந்தைக்கு என்ன வயது, இந்தத் தோட்டத்தில் என்ன செய்வோம் என்று ஒரு பக்கம், முடிந்தால் குடும்பப் போட்டோவோடு. அதிக விலை சொன்னவருக்குத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தான் பிள்ளை வளர்த்த வீட்டில் இன்னொரு குடும்பம் வரட்டும் என்று சில ஆயிரம் யூரோவை விட்டுக்கொடுக்கும் பாட்டிகளும் இருக்கிறார்கள்.

2026 ஜனவரி முதல் வரிவிலக்கு வரம்பு 5,55,000 யூரோவாகவும், தேசிய உத்தரவாத வரம்பு 4,70,000ஆகவும் உயர்ந்திருக்கின்றன. மேலே பார்த்த 4,80,000 யூரோ வீட்டுக்கு இன்னமும் உத்தரவாதம் கிடைக்காது. மதிப்பீடும் விலையும் 4,65,000இலேயே நின்றிருந்தால் கிடைத்திருக்கும்.