23 முறை வீழ்த்தியவர், 5 ஆட்டம் வென்ற குழு

ஜனவரி 5ஆம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை. அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் குழுவின் மைல்ஸ் கேரட், சின்சினாட்டி பெங்கால்ஸ் குழுவின் ஜோ பரோவைப் பிடித்துத் தரையில் சாய்த்தார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 23ஆவது ‘சேக்’ அது. மைக்கல் ஸ்ட்ராஹன் 2001இலும் டி.ஜே. வாட் 2021இலும் தலா 22.5 எடுத்திருந்ததுதான் அதுவரை சாதனை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விழித்திருந்தது வீண்போகவில்லை என்று நான் கத்தியதில் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “சரிடா, அந்த டீம் இந்த சீசன்ல எத்தனை மேட்ச் ஜெயிச்சுச்சு?”

ஐந்து. 17 ஆட்டங்களில் 5 வெற்றி, 12 தோல்வி. வரலாற்றிலேயே யாரும் செய்யாததைச் செய்தவரின் குழு பிளேஆஃப் பக்கமே போகவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: இப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரரின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

அமெரிக்கக் காற்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தாக்கும் குழுவுக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு. எல்லாம் குவார்ட்டர்பேக் என்பவரின் கையில்தான் தொடங்கும். பந்தை வாங்கி, இரண்டரை, மூன்று விநாடிக்குள் யாருக்கு வீசுவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அவர் வீசுவதற்குள் பாய்ந்து அவரை மடக்குவதே ‘பாஸ் ரஷர்’ வேலை. பந்தோடு அவரைச் சாய்த்துவிட்டால் அது சேக். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி, அந்த 22.5இல் உள்ள அரை அப்படி வந்ததுதான். எதிரணி சராசரியாக ஆறு, ஏழு கெஜம் பின்னால் போகும், ஒரு வாய்ப்பும் வீணாகும்.

நம்மூர் ரசிகர்களுக்குப் புரியும்படி சொன்னால், கோல்காவலர் பந்தை வெளியே அடிப்பதற்குள் அவர்மீது பாயும் தாக்குதல் ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரைத் தடுக்க 140 கிலோ எடையுள்ள ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள்.

ஒரு குழு ஆட்டத்துக்குச் சுமார் 35 முறை எதிரணியின் வீச்சைச் சந்திக்கும். 17 ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 600. அதில் சாதனை படைத்தவரே 23 முறைதான் வெற்றி பெற்றிருக்கிறார். நூற்றுக்கு நான்கு! மீதமுள்ள 96இல் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சேக் எண்ணிக்கை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவரின் சேக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982இல்தான். அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டீக்கன் ஜோன்ஸ், 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் குழுவில் கலக்கியவர். அதிகாரபூர்வப் பட்டியலில் அவர் பெயரே இல்லை! ஸ்ட்ராஹனின் சாதனை சேக்கையும் பலர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் தானாகவே கீழே சரிந்தார், ஸ்ட்ராஹன் மேலே கை வைத்தார், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். காணொளியைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இந்த எண்ணைத்தான் நாம் தங்கம்போல் நிறுத்துப் பார்க்கிறோம்.

2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் 23, சின்சினாட்டி 20. ஆட்டம் முடியும் தறுவாயில் சின்சினாட்டிக்கு நான்காவது வாய்ப்பு, தேவை ஒரே ஒரு கெஜம். ரேம்ஸின் ஏரன் டோனல்ட் தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து பரோவைச் சுற்றிப் பிடித்தார். கீழே விழுந்துகொண்டே பரோ எறிந்த பந்து யாருக்கும் போய்ச் சேரவில்லை. கிண்ணம் ரேம்ஸுக்கு. புள்ளிவிவரத்தில் அது சேக் இல்லை, ‘பிடிபடாத வீச்சு’ மட்டுமே. ஒரு பாஸ் ரஷர் செய்த மிக மதிப்புள்ள காரியங்களில் ஒன்று, அவரை மதிப்பிடும் முக்கியக் கணக்கில் பூஜ்யமாகப் பதிவாகியிருக்கிறது.

இப்போது இதைச் சரிசெய்ய வேறு அளவுகோல்கள் வந்துவிட்டன. ஆட்டக்காரர்களின் தோள்பட்டைக் கவசத்துக்குள் சிறிய சில்லு ஒன்று இருக்கும். யார் எந்த நொடியில் எங்கே நிற்கிறார் என்பது பதிவாகிவிடும். அதைக் கொண்டு, இரண்டரை விநாடிக்குள் தம்மைத் தடுப்பவரை ஒருவர் எத்தனை முறை வெல்கிறார் என்று இஎஸ்பிஎன் நிறுவனம் கணக்கிடுகிறது. சேக் எடுத்தாரா, இல்லையா என்பது அதில் முக்கியமல்ல. 2023இல் வாட் 19 சேக்குடன் முதலிடத்தில் இருந்தார், கேரட் 14தான். ஆனாலும் ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது கேரட்டுக்குப் போனது. வாட் ரசிகர்கள் கொதித்தார்கள். ஐந்து சேக் குறைவாக எடுத்தவருக்கு விருது கொடுத்தது, வாக்களித்தவர்கள் பட்டியலைத் தாண்டியும் பார்க்கிறார்கள் என்பதற்கு அடையாளம். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு.

இந்தப் புதிய அளவுகோலும் முழுமையானதல்ல. நட்சத்திர பாஸ் ரஷர் ஒரு பக்கம் நின்றால் எதிரணி சும்மா இருக்காது. அவரைத் தடுக்க இருவரை நிறுத்தும். பந்தைப் பிடிக்க ஓட வேண்டியவர் முதலில் அவரை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் ஓடுவார். தடுப்பு வரிசை முழுவதும் அவர் பக்கமே சாயும். குவார்ட்டர்பேக் வழக்கத்தைவிட அரை விநாடி முன்னதாகவே வீசிவிடுவார். இவ்வளவும் நடந்தால் நட்சத்திரத்துக்குச் சேக் கிடைக்காது. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒருவரை மட்டும் சமாளிக்க வேண்டியிருக்கும் சாதாரண ஆட்டக்காரர் சேக் எடுத்துப் பெயர் வாங்கிக்கொள்வார். தலைகீழாகவும் நடக்கும். பின்னால் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரர்கள் எல்லாரையும் மூடிவிட்டதால் வீச ஆளில்லாமல் குவார்ட்டர்பேக் நான்கு விநாடி திணறுவார். அந்தச் சேக்கில் பாதிக்குமேல் அவர்களுடையது. இவரால் அவரா, அவரால் இவரா? பிரித்துச் சொல்வது எளிதல்ல.

சரி, தனியாளைப் பிரிக்க முடியாவிட்டால், அவர் வருவதற்கு முன்பும் பின்பும் குழு எப்படி இருந்தது என்று பார்க்கலாமே? இது எனக்கும் முதலில் நல்ல வழியாகப் பட்டது. 2018 செப்டம்பரில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் குழு கலீல் மேக்கை ஷிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தது. ஈடாக வாங்கியவற்றில் முக்கியமானவை இரண்டு முதல்சுற்றுத் தேர்வுகள், அதாவது கல்லூரியிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களில் சிறந்தவர்களை எடுக்கும் உரிமை. அந்தப் பருவத்தில் மேக் தனியாக எடுத்தது 12.5 சேக். ரெய்டர்ஸ் குழு முழுவதும் சேர்ந்து எடுத்தது 13! முந்தைய ஆண்டு 5 ஆட்டம் வென்ற ஷிகாகோ 12 ஆட்டம் வென்றது. ஒரே ஆளுக்கு ஏழு வெற்றியா என்று துள்ளத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு ஷிகாகோவுக்குப் புதிய தலைமைப் பயிற்றுநர் வந்திருந்தார்; தற்காப்பு அதற்கு முந்தைய ஆண்டே நன்றாகத்தான் இருந்தது. மறு ஆண்டு அதே மேக் இருந்தும் 8 வெற்றி, 8 தோல்வி.

ஆனாலும் மேக்கை வாங்கியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2018 பருவத்தில் ஷிகாகோவின் பிளேஆஃப் ஆட்டம் 16க்கு 15 என்று ஒரே புள்ளியில் போனது. கடைசி நொடிகளில் கோடி பார்க்கி உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, குறுக்குச் சட்டத்திலும் பட்டு வெளியே விழுந்தது. அது உள்ளே போயிருந்தால் மேக்கைப் பற்றி எழுதும் கட்டுரைகள் வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் செய்த வேலை மட்டும் அதேதான்.

இப்போது என் அண்ணனும் நானும் இன்னும் முடிக்காத வழக்குக்கு வருகிறேன்: மைக்கா பார்சன்ஸ். கடந்த ஆகஸ்ட் 28ஆம் தேதி டல்லஸ் கவ்பாய்ஸ் அவரை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பேக்கர்ஸ் தந்தது இரண்டு முதல்சுற்றுத் தேர்வுகளும் கெனி கிளார்க் என்ற அனுபவமிக்க ஆட்டக்காரரும். பார்சன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 188 மில்லியன் டாலர் ஒப்பந்தம், ஆண்டுக்கு 47 மில்லியன். இந்த லீக்கில் குழுக்கள் இஷ்டத்துக்குச் செலவிட முடியாது; 2025இல் ஒரு குழுவின் சம்பள உச்சவரம்பு 279.2 மில்லியன். பணத்தை எந்தெந்த ஆண்டில் கணக்கில் காட்டுவது என்பதில் சில வித்தைகள் உண்டு. ஆனாலும் சராசரியைப் பார்த்தால் ஒருவருக்கே ஆறில் ஒரு பங்கு. மீதி ஐந்து பங்கில் 52 பேர் வாழ வேண்டும்.

டிசம்பர் 14ஆம் தேதி டென்வரில் பார்சன்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதுவரை பேக்கர்ஸ் 9 வெற்றி, 3 தோல்வி, 1 சமநிலை. அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அதற்குப் பிறகு பிளேஆஃப் உட்பட ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை.

“பார்த்தியா, அவன் இல்லேன்னா டீமே இல்ல” என்று நான் சொன்னேன். சொன்னபோதே அது நேர்மையான வாதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமே குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் தலையில் அடிபட்டு வெளியேறினார். முக்கியமான இன்னோர் ஆட்டக்காரர் டக்கர் கிராஃப்ட் நவம்பரிலேயே காயமடைந்துவிட்டார். இத்தனை பேர் விழுந்த பிறகு வந்த தோல்விகளை ஒருவர் கணக்கில் எழுதுவது எப்படி? டல்லஸ் பக்கமும் அதே சிக்கல்தான். பார்சன்ஸ் போனபின் அவர்களின் தற்காப்பு லீக்கின் மிக மோசமானவற்றுள் ஒன்றானது உண்மை. அதே பருவத்தில் அவர்களுக்குப் புதிய தற்காப்புப் பயிற்றுநர் வந்ததும் உண்மை.

அண்ணனின் வாதம் வேறு. ஒருவருக்குக் கொட்டுவதைவிட நான்கு நல்லவர்களை வாங்கலாம் என்பார். அவருக்குச் சாதகமான சான்று வலுவானது. 2008 சூப்பர் பௌலில் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை நியூயார்க் ஜயண்ட்ஸ் 17க்கு 14 என்று சாய்த்தது. டாம் பிரேடி ஐந்து முறை சேக் ஆனார்; பாய்ந்தவர்கள் ஸ்ட்ராஹன், ஜஸ்டின் டக், ஓசி உமென்யோரா என்று பலர். 2025 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தது. அதற்காக வழக்கமான பாய்ச்சல்காரர்களுக்குமேல் ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. ஒருவர் மட்டும் பயங்கரமானவர் என்றால் குவார்ட்டர்பேக் அவருக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்துகொள்ளலாம். நான்கு பக்கமும் சுவர் நெருங்கினால் எங்கே போவது?

இருந்தாலும் நான் பார்சன்ஸ் பக்கம்தான். முதல் ஐந்து பருவங்களிலும் 12க்குக் குறையாமல் சேக் எடுத்தவர் அவர், இருவர் தடுத்தும்கூட. அப்படிப்பட்டவர் 26 வயதில் சந்தைக்கு வருவதே அபூர்வம். முதல்சுற்றுத் தேர்வு என்பது இன்னும் பிறக்காத வாக்குறுதி. மேக்குக்கு ஈடாகக் கிடைத்த தேர்வுகளில் ஒன்றில் ரெய்டர்ஸ் எடுத்தது ஜோஷ் ஜேக்கப்ஸ். அவர் பிறகு லீக்கிலேயே அதிக கெஜம் ஓடியவரானார். இன்னொன்றில் எடுத்த டேமன் ஆர்னெட்டை இரண்டாவது ஆண்டிலேயே குழு விட்டுவிட்டது. முழங்கால் கிழிந்ததைக் காட்டி ஆகஸ்ட் முடிவு முட்டாள்தனம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். டிசம்பரில் நடக்கப்போவது ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பாஸ் ரஷரின் மதிப்பு அவருடைய குழு முன்னணியில் இருக்கும்போதுதான் முழுதாகப் பலன் தரும். பின்தங்கிய எதிரணி வேறு வழியின்றி பந்தை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பாய்ந்துகொண்டே இருப்பார். குழு பின்தங்கினால் எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே நேரத்தைக் கழித்துவிடும். பேக்கர்ஸுக்கு புள்ளி எடுக்கத் தெரிந்த ஒரு குவார்ட்டர்பேக் இருக்கிறார். கிளீவ்லாந்துக்கு அது பல்லாண்டுகளாக வாய்க்கவில்லை. கடந்த ஆண்டு பிப்ரவரியில் கேரட் வேறு குழுவுக்கு மாற்றிவிடும்படி வெளிப்படையாகவே கேட்டார். அடுத்த மாதமே ஆண்டுக்கு 40 மில்லியன் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரருக்கு அந்தச் சம்பளம் தகும். 3 ஆட்டம் மட்டுமே வென்றுவிட்டு வந்த குழுவுக்கு அது தகுமா? அப்போதே அவரை விற்று, வந்த தேர்வுகளைக் கொண்டு குழுவைக் கட்டியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 23 சேக் சாதனை அந்தக் கருத்தை மாற்றவில்லை, உறுதிப்படுத்தியது.

இந்த ஏப்ரலில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி நடக்கும்போது, பேக்கர்ஸ் முதல்சுற்றில் அழைக்க வேண்டிய பெயரை கவ்பாய்ஸ் அழைக்கும். அந்த நிமிடம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று தெரியும். பார்சன்ஸின் முழங்கால் எப்போது தேறும் என்று நானும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.