பச்சை மீனும் பிள்ளைத்தாய்ச்சியும்

விடிந்ததும் காப்பி, அப்புறம் இட்லி என்று பழகிப்போன நமக்கு, காலை ஆறு மணிக்குச் சோறும் மீனும் என்றால் 'ஐயே' என்றுதான் இருக்கும். டோக்கியோவில் சுகிஜி சந்தைப் பக்கம் போனால் அதுதான் காலை ஆகாரம், சகோதரிகளே!

1923 பூகம்பத்தில் நிஹோன்பாஷியிலிருந்த பழைய மீன் சந்தை அழிந்துபோக, 1935-ல் சுகிஜியில் புதுச் சந்தை திறந்தார்கள். சூரை மீன் ஏலம் போடும் மொத்த வியாபாரமெல்லாம் 2018 அக்டோபரில் டோயோசுவுக்குப் போய்விட்டது. ஆனால், வெளிச் சந்தையின் குட்டிக் கடைகள் நகரவே இல்லை. கத்தி, கடல்பாசி, மாசி, ஊறுகாய் என்று ஒரே சந்தடி!

மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது துணைக்குப் போயிருந்தேன். "அம்மா, சுகிஜியில் சூரை மீன் சோறு சாப்பிடணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். சுடச்சுடச் சோறு, மேலே பச்சை மீன் துண்டங்கள். மசக்கை ஆசையாயிற்றே, மறுக்க மனசு வருமா? ஆனாலும் முதல் நாளே டாக்டரம்மாவிடம் விசாரித்து வைத்துக்கொண்டேன்.

பச்சையாக எந்த மீனும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சூரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்துவிடுகிறது. அது வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேகவைத்தாலும் போகாது. பெரிய சூரை வகைகளைக் கர்ப்பிணிகள் வாரத்துக்கு 80 கிராமுக்குமேல் சாப்பிட வேண்டாமென்று ஜப்பான் அரசாங்கமே சொல்கிறது. அதற்காக மீனையே ஒதுக்கிவிடக் கூடாது! சால்மன், மத்தி, கானாங்கெளுத்தியெல்லாம் நன்றாக வெந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

பச்சை மீனில் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கலாம். வயிற்றைச் சுருட்டிப் பிடித்து வலிக்கும். 'வசாபி காரத்தில் செத்துவிடும்' என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள். சாகாது, வினிகருக்கும் சாகாது. 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் வேக வேண்டும், இல்லாவிட்டால் மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறைய வேண்டும்.

கடையில் எட்டே நாற்காலிதான். மகளுக்கு உப்புத் தடவிச் சுட்ட சால்மன், சோறு, மிசோ சூப், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், முட்டைச் சுருள் வாங்கிக் கொடுத்தேன். சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கிறார்கள், அது அங்கே மரியாதைக் குறைவில்லை. சோற்றில் குச்சிகளை நட்டு வைப்பதுதான் ஆகாது. இறந்தவருக்குப் படைக்கும்போது செய்வதாம். சுத்த சைவக்காரர்கள் கேட்டுக்கொண்டு குடியுங்கள், அந்தச் சூப்பில் காய்கறி மட்டும் மிதந்தாலும் பெரும்பாலும் மாசிச் சாறு கலந்திருக்கும். உப்பும் ஜாஸ்தி, கிண்ணத்துக்கு ஒன்றரை கிராம்போல. ரத்த அழுத்தக்காரர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முட்டைச் சுருள் நம் வீட்டிலும் வரும். அடித்த முட்டையில் துளி சர்க்கரை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். மெல்லிசாக ஊற்றிச் சுருட்டி ஓரத்தில் தள்ளி, மறுபடி ஊற்றி அதன்மேலேயே சுருட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்றால் உள்ளே கொழகொழவென்று இருக்கக் கூடாது.

மகள் தட்டைக் காலி பண்ணிவிட்டாள். பக்கத்தில் மாப்பிள்ளை பச்சைச் சூரையை ரசித்துச் சாப்பிட, அவள் பார்த்தாளே ஒரு பார்வை! பாவம், அவர் பாதியிலேயே கிண்ணத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.